எஸ்தர் அக்கா கேட்ட இரண்டு நாள்

காலை பதினொரு மணிக்கு வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கையுறை போட்டிருந்ததால் போனை எடுக்க முடியவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கட்டை முடித்து, கை கழுவிவிட்டுப் பார்த்தபோது மூன்றுமே சாமுவேல் அண்ணன் அழைப்புகள். எஸ்தர் அக்காவின் கணவர் அவர். ஒன்பது நாளாக மதுரை மருத்துவமனையிலிருந்து தினமும் ஒரு முறைதான் கூப்பிடுவார், அதுவும் சாயங்காலம். மூன்று முறை என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உடனே திருப்பிக் கூப்பிடவில்லை. அடுத்த படுக்கையில் இருந்தவருக்குக் காய்ச்சல் பார்த்துக் குறித்தேன். அதற்கு அடுத்தவருக்கும் குறித்தேன். இன்னும் ஐந்து நிமிடம் அக்கா உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

சிவகாசிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் எஸ்தர் அக்கா. ஏறத்தாழ அதே காலம் நான் மாடியில் தீக்காய வார்டில் நர்ஸ். இந்த அஞ்சலியைப் படிக்கிறவர்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். பாதிப் பேராவது, அவர் திருப்பி அனுப்பிய சாம்பிளோடு அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியவர்களாக இருப்பீர்கள். அவரைத் தெரியாதவர்களுக்கு அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புண்ணிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்து அனுப்புவதை, கிருமிக்கு உணவாகும் கூழ் ஊற்றிய தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைப்பார். ஒரு நாளில் அதில் கிருமி வளரும். என்ன கிருமி என்று பார்ப்பார். பிறகு அந்தக் கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார். மறுநாள், எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் இருக்கிறதோ அந்த மருந்து கேட்கும். வட்டம் இல்லையென்றால் அந்த மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. கல்ச்சர் என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளைத்தான் அக்கா வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பஞ்சுக்குச்சியில் புண்ணை ஒற்றி எடுத்து, குழாயில் போட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டேன். வார்டு பையன் வந்து கொண்டுபோக மதியம் ஆகிவிட்டது. சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவே மாடியேறி வந்தார். ஒல்லியான உருவம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இதயத்தின் ஒரு வால்வு பழுதாகியிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. சுவரில் சாய்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு கேட்டார்.

“சிஸ்டர், இது எப்ப எடுத்தீக?”

ஒன்பது மணிக்கு என்றேன். புண்ணைக் கழுவுவதற்கு முன்பா, பிறகா என்று கேட்டார். நினைவில்லை என்றேன்.

“இதுல என்ன வளர்ந்தாலும் அது புண்ணுல இருந்ததா ஜன்னல்ல இருந்து வந்ததான்னு எனக்குத் தெரியாது. தப்பான பதில் சொல்றதவிட சொல்லாமலே இருக்கலாம். மறுபடி எடுத்துக் குடுங்க, நான் நிக்கேன்.”

நின்றார். எல்லோர் முன்னாலும் என்னை அவமானப்படுத்திவிட்டதாக ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பிறகு முத்துமாரி வந்தாள். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்து, முதுகும் இரண்டு கையும் வெந்து வந்தவள். முப்பது வயது கூட இருக்காது. முதல் நான்கு நாள் நன்றாகத் தேறினாள். கஞ்சி குடித்தாள். கணவன் கருப்பசாமியிடம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாயா என்று கேட்டாள். ஐந்தாம் நாள் காலையில் குளிர்காய்ச்சல் கண்டது. கட்டைப் பிரித்தபோது பஞ்சில் பச்சைக் கறை இருந்தது. தீக்காய வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பச்சை என்னவென்று தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்னால், அச்சங்குளத்திலிருந்து வந்த பாண்டியம்மாள் என்ற அம்மாள் அப்படித்தான் பச்சை கண்டு, காய்ச்சல் ஏறி, மூன்றே நாளில் போயிருந்தார்.

இந்த முறை நான் ஊசிக்கு முன்பே சாம்பிள் எடுத்தேன். புண்ணிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்து, நேரம் எழுதி, நானே கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்பிறகு டாக்டர் இருப்பதிலேயே வீரியமான ஒரு மருந்தைத் தொடங்கினார். அக்கா தட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, நாளைக் காலையில் பாதி சொல்வேன், மறுநாள் முழுதும் சொல்வேன் என்றார்.

அந்த இரண்டு நாள் லேசில் கழியவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. முத்துமாரி பிதற்றத் தொடங்கினாள். கருப்பசாமி நான் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வந்தான். மருந்தை மாற்றினால் சரியாகிவிடுமா, மதுரைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடுமா என்று கேட்டான். டாக்டர் ஒரு மணிக்கு ஒரு தடவை ஆய்வகத்துக்குப் போன் செய்தார். கடைசியில், உங்கள் தட்டு வளர்வதற்குள் இந்தப் பெண் செத்துப்போவாள் என்று சத்தம் போட்டார். அக்கா அப்போது செய்ததைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். போனை வைத்துவிட்டுப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தாராம். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தாராம்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு என்னையும் டாக்டரையும் கூப்பிட்டார். மேஜைமேல் தட்டு இருந்தது. முழுக்கப் பச்சை. மூடியைத் திறந்தால் திராட்சைப் பழ வாடை வந்தது. நாங்கள் இரண்டு நாளாக ஏற்றிக்கொண்டிருந்த மருந்தின் வில்லை நடுவில் இருந்தது. அதன் விளிம்பை ஒட்டி, ஒரு நூல் இடம்கூட விடாமல் கிருமி வளர்ந்திருந்தது. ஓரத்தில் இன்னொரு வில்லை. அதைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். எங்கள் அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த பழைய மருந்து அது. டாக்டர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். படியேறும்போது, “நான் இன்னும் ஒரு வாரம் அதையே ஏத்தியிருப்பேன் சிஸ்டர்” என்றார்.

மருந்து மாற்றிய மூன்றாம் நாள் முத்துமாரிக்குக் காய்ச்சல் விட்டது. பிழைத்தாள்.

எல்லோரும் மூச்சு விட்டோம். எஸ்தர் அக்கா மட்டும் விடவில்லை. அந்த வாரம் எங்கள் வார்டிலிருந்து சாம்பிள் போன இன்னும் இரண்டு பேரின் தட்டுகளை அவர் எறியாமல் வைத்திருந்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கிருமி. எந்தெந்த மருந்து கேட்கும், கேட்காது என்பதுகூட மூன்றிலும் அப்படியே ஒன்று. மூன்று பேரும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு நாளில் வந்தவர்கள். மூவருக்கும் பொதுவாக இருந்தது எங்கள் வார்டுதான்.

மறுநாள் பஞ்சுக்குச்சித் தட்டோடு மாடிக்கு வந்தார். குழாய், கழுவும் தொட்டி, சோப்பு, கட்டு மாற்றும் தள்ளுவண்டி, அதில் இருந்த பாட்டில்கள் என்று எல்லாவற்றிலும் ஒற்றி எடுத்தார். எங்கள் கைகளையும் நீட்டச் சொன்னார். சில நர்ஸுகளுக்குக் கோபம். எங்களைத் திருடிகளாக்குகிறீர்களா என்று ஒருத்தி கேட்டாள். நான் கையை நீட்டினேன். அவர் என் விரலிடுக்கில் குச்சியை உருட்டும்போது, தள்ளுவண்டியிலிருந்த பெரிய கிருமிநாசினி பாட்டிலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புண்ணைத் துடைக்கத் தண்ணீர் கலந்து வைத்திருக்கும் கரைசல். தினமும் காலையில் அதை நிரப்புவது என் பொறுப்பு. பாட்டிலைக் கொட்டிக் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். தீபாவளிப் பட்டாசு சீசன் நேரத்தில், வார்டு நிரம்பி வழியும்போது, மிச்சம் இருப்பதன் மேலேயே ஊற்றி நிரப்பிவிடுவேன். எத்தனை வாரமாக அப்படிச் செய்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கிருமியைக் கொல்லும் தண்ணீரில் கிருமி எப்படி இருக்கும் என்ற எண்ணம்தான்.

இன்னும் இரண்டு நாள் காத்திருந்தேன். இந்தத் தடவை எனக்காக. ஆய்வகத்துப் போன் அடிக்கும்போதெல்லாம் வேறு யாராவது எடுக்கட்டும் என்று நகர்ந்துவிட்டேன். அந்தப் பாட்டிலை யாருக்கும் தெரியாமல் கழுவிவிடலாமா என்று ஒரு தடவை அதன் அருகே போய் நின்றேன். அவர் ஏற்கெனவே சாம்பிள் எடுத்துவிட்டார், இனிக் கழுவி என்ன என்று திரும்பினேன். கழுவாமல் திரும்பியது நேர்மையால் என்று சொல்ல முடியாது.

அக்கா இந்தத் தடவை மாடிக்கு வரவில்லை. என்னைக் கீழே வரச் சொன்னார். போனதும் கதவைச் சாத்தினார். பாட்டிலில் எடுத்த தட்டு மேஜைமேல் இருந்தது. பச்சை. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நான்தான் கேட்டேன்.

“பாண்டியம்மாவும் இதனாலதானாக்கா?”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். அக்கா யோசித்துத்தான் பேசினார். அதுவரை சிஸ்டர், நீங்க என்றே கூப்பிட்டவர் அன்றுதான் முதல் தடவையாகப் பெயர் சொன்னார்.

“அந்தம்மாகிட்ட நாம சாம்பிளே எடுக்கல வசந்தா. அதனால தெரியாது. தெரியாததைச் சொல்லி உன்னைத் தேத்தவும் மாட்டேன், உன் தலையில போடவும் மாட்டேன். இனிமே வாரவுகளுக்கு என்ன செய்யணும்னு மட்டும் எனக்குத் தெரியும்.”

அவரே என்னோடு மேலதிகாரியிடம் வந்தார். அதிகாரி, வாயால் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம், எழுத்தில் எதற்கு என்றார். அக்கா எழுதிக் கொண்டுவந்த அறிக்கையை மேஜைமேல் வைத்துவிட்டு, அடுத்த வருடம் இந்த வார்டுக்கு வரும் நர்ஸுக்கு வாயால் சொல்ல நான் இருப்பேனா என்று தெரியாதே என்றார். அறிக்கையில் பாட்டில் இருந்தது, நிரப்பும் முறை இருந்தது. யார் நிரப்பினார் என்பது இல்லை. அன்றே பெரிய பாட்டில்கள் எல்லாம் போயின. ஒரு நாளுக்கு மட்டும் போதுமான சின்னப் பாட்டில், தினமும் அவித்துக் காயவைத்தது, நிரப்பிய தேதியும் நேரமும் மேலே எழுதியது என்று ஆயிற்று. அந்தப் பச்சை அதன்பிறகு வரிசையாகப் படுக்கை மாறிப் பரவவில்லை. அப்படி யாராவது ஒருவருக்கு வந்தாலும், எந்த மருந்து என்று இரண்டு நாளில் எங்களுக்குத் தெரிந்தது.

பாண்டியம்மாளின் மகன் சாத்தூர்ப் பேருந்தில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கிறார். அவரிடம் நான் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. இதை எழுதும்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறேன். அறிக்கையில் என் பெயரை அக்கா விட்டுவிட்டார். அவருக்காக எழுதும் இதிலும் நான் விட்டுவிடுவது சரியாக இருக்காது.

அக்காவின் சாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

மல்லாங்கிணற்றில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். அங்கே காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. நினைவு தெளிவாக இல்லை. சாமுவேல் அண்ணன் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். மனைவி அப்படிக் கிடந்து அவர் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர்கள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது. மறுநாள் மறுபடி வந்தது, மறுபடி ஊசி. நான்காம் நாள் மூச்சு முட்டியதும் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பழுதான வால்வில் கிருமி தங்கியிருக்கலாம் என்று அங்கே சந்தேகப்பட்டார்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அந்த நிலையிலும், ரத்தம் எடுத்த நர்ஸிடம் எத்தனை மணி என்று எழுதினாயா அம்மா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டில் என்ன வந்தது என்று அக்காவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

“ஒண்ணும் வளரல வசந்தா.”

வெளியில் யாரிடமாவது அப்படிச் சொன்னால் நல்லதுதானே என்பார்கள். அதன் பொருள் எங்கள் இருவருக்கும் தெரியும். முன்பே போட்ட ஊசி கிருமியைக் கொல்லவில்லை, தட்டில் வளர முடியாதபடி முடக்கிவிட்டது. உள்ளே இருக்கிறது, ஆனால் என்னவென்று காட்டாது. எந்த மருந்து என்று டாக்டர்கள் இனி ஊகித்துத்தான் கொடுக்க வேண்டும். இருபது வருடம் ஊசிக்கு முன்னால் ரத்தம், ஊசிக்கு முன்னால் ரத்தம் என்று எங்களை விரட்டிய மனுஷி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையைப் பிடித்து, கதவுக்கு வெளியே நின்ற சாமுவேல் அண்ணனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவுககிட்ட இதைப் பேசிராத. பயந்து போயி ஓடியிருக்காக. எனக்கு நினைவு இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். அம்புட்டுத்தான்.”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. டாக்டர்கள் இரண்டு முறை மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். மதுரைக்குப் போன ஒன்பதாம் நாள் வால்வு தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் கலைந்தபோது சாமுவேல் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிளினிக்கில் போட்ட ஊசியைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அந்த ஊசி போடாமல் நேராக மதுரைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணன். எப்படியும் இதுதான் நடந்திருக்கும்” என்றேன்.

அக்காவாக இருந்தால் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவரைப் போல இருக்க என்னால் முடியாத இடங்கள் உண்டு என்பதையும் இந்த அஞ்சலியில் சேர்த்துக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமை எங்கள் வார்டுக்குப் பேன்சி ரகப் பட்டாசு செய்யும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் கண்டது. புதிதாக வந்திருக்கும் டாக்டர் நல்லவர், பயந்த சுபாவம். ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நோயாளியின் மனைவி, சீக்கிரம் போடுங்கள் என்று அழுதாள். நான் இரண்டு நிமிடம் கேட்டேன். இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்தேன், புண்ணிலிருந்தும் எடுத்தேன், நேரம் எழுதினேன். பிறகுதான் ஊசி போட்டோம். அந்த அம்மாளை வெளியே அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம், என்றைக்குத் தெரியும் என்று சொன்னேன். உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியாது என்றும் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, தெரிந்ததும் என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றேன்.

எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்குத் தைரியம் வந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் காய்ச்சல் அட்டையில் கோடு ஏறினால் எனக்குப் பயம் வருகிறது. அவருக்கும் கடைசி வரை அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எதற்கு வெப்பமானியைப் பார்க்க வேண்டும்? பயந்துகொண்டே செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்வதும், தெரியவில்லை என்ற சொல்லை அழுகிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்வதும் அவரிடமிருந்து எனக்கு வந்தவை. சில நேரம் தவறவிடுவேன். மற்ற நேரம் வைத்திருப்பேன்.

இன்று சனிக்கிழமை. எட்டு மணிக்கு ஆய்வகம் திறப்பார்கள். அந்த அம்மாள் இப்போதே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நானும் அவள் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன்.